போர்ப் பறவைகளுக்கு ஒரு கூரை

சென்ற வாரம் நமது வகுப்பிலே இரண்டாம் உலக யுத்தத்தின் வரலாற்றை விளக்கிக் கொண்டிருந்தோம். நாகசாக்கி நகரின் மீது அணுக்குண்டை வீசிய விமானம் இன்று எங்கே இருக்கிறதென ஒரு மாணவன் வினவினான். அமெரிக்காவில் ஒரு நூதனசாலையில் இருக்கிறது என்றோம். "ஐயா, கொலைக் கருவிக்கு மாளிகையா?" என்றான் அவன். நாம் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாத விடையை இன்று நேயர்கள் முன் வைக்கின்றோம்.

அந்த நூதனசாலை ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரருகே, விமானப் படைத்தளம் ஒன்றில் உள்ளது. டேற்றன், றைற் சகோதரர் வாழ்ந்த ஊர். 1903இல் கடற்கரை மணலில் முதன்முதற் பறந்த அவர்கள், 1904, 1905ஆம் ஆண்டுகளில் தம் விமானத்தைத் திருத்திச் செப்பஞ் செய்த புல்வெளி இன்று இத்தளத்தின் எல்லைக்குள் அடங்கியுள்ளது. 1909இல் அமெரிக்க இராணுவம் அவர்களிடம் ஒரு விமானத்தை வாங்கிற்று. மனிதன் பறக்கக் கற்று ஆறே ஆண்டுகளில் அக்கலை படையினர் கைக்குச் சென்றுவிட்டது.

முதலாம் உலக யுத்தத்து விமானங்கள் சிலவற்றைக் கொண்டு 1923இல் டேற்றனில் இத்தொகுப்பு சிறிய அளவில் ஆரம்பமாயிற்று. 1927இல் அது றைற் விமானக் களத்துக்கு மாறியது. 1930களின் நடுவில், வேலையற்றோருக்கு வேலை வழங்கும் அரசாங்கத் திட்டத்தின்கீழ் அதற்கெனத் தனிக் கட்டிடம் எழுந்தது. ஆயினும் என்ன பயன்? 1940இல், பெருகி வந்த படைக்கு அலுவலக இடம் வேண்டுமென்று அக்கட்டிடம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. யுத்தத்தை நினைவூட்ட எழுந்த சாலையை மற்றொரு யுத்தமே மூடிற்று.

1954இல், முன்னர் விமான இயந்திரங்களைப் பழுதுபார்த்து வந்த ஒரு கட்டிடத்தில் நூதனசாலை மீண்டும் திறந்தது. அங்கே இடம் போதவில்லை. விமானங்கள் பல வெளியே மழையிலும் பனியிலும் நின்று பழுதுற்றன. நிதி திரட்டுவதற்காக 1960இல் தனியார் முயற்சியாக ஓர் அறநிலையம் அமைந்தது. மோட்டார் வண்டியை மின்விசையால் முடுக்கும் பொறியை ஆக்கிய சாள்ஸ் கெற்றரிங்கின் புதல்வர் யூஜீன் கெற்றரிங் அதன் முதல் தலைவர். கட்டிடம் நிறைவுறுமுன்னர் 1969இல் அவர் காலமானார். அவர் துணைவியார் வேர்ஜீனியா அப்பணியை ஏற்று முடித்தார். 1971 செப்டெம்பர் 3ஆந் திகதி ஜனாதிபதி நிக்சன் புதிய கட்டிடத்தைத் திறந்து வைத்தார். 2016இல் நான்காவது பெருங்கூடமும் சேர்ந்தது. இன்று 350க்கு மேற்பட்ட விமானங்களும் ஏவுகணைகளும் அங்கே உள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை.

மாணவன் கேட்ட விமானத்தின் பெயர் 'பொக்ஸ்கார்'. 1945 ஓகஸ்ற் 9ஆந் திகதி அது நாடிச் சென்றது கொக்குரா நகரை. அந்நகரை முகிலும் புகையும் மறைத்தமையால் நாகசாக்கிக்குத் திரும்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே மாண்டோர் ஏறத்தாழ 70,000 பேர் என மதிப்பிடுவர். யுத்தத்தின்பின் பாலைவனத்திற் கிடந்த அவ்விமானம் 1961இல் டேற்றனுக்கு வந்தது. இன்று, யுத்தத்தை முடித்து வைத்த விமானம் என்ற பெருமையோடு, அக்குண்டின் மாதிரி உருவத்தின் அருகே நிற்கின்றது.

நாகசாக்கியிலும் ஒரு நூதனசாலை உண்டு. அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள சுவர்க் கடிகாரமொன்றின் முட்கள் 11 மணி 2 நிமிடத்தில் நின்று போயிருக்கின்றன. குண்டு வெடித்த நேரம் அது. டேற்றனில் விமானம், நாகசாக்கியில் கடிகாரம். ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாதவன் வரலாற்றிற் பாதியையே கற்றவனாவான்.

ஆதலின், அந்த விமானத்தை உடைத்தெறியாமல் வைத்தமை நன்றே என்பது நம் துணிபு. கருவியை அழித்துவிட்டால் செய்த செயல் அழிந்துவிடாது. அதன் சாட்சி மட்டுமே அழியும். கூரை வேய்ந்தவர்கள் பெருமைக்காகவே வேய்ந்திருக்கலாம். அதன்கீழ் நிற்பவன் பெருமை கொள்வதா, தலை குனிவதா என்பதை அவன் நெஞ்சமே தீர்மானிக்கும்.

நாளை திங்கட்கிழமை. அந்த மாணவனிடம் இவ்விடையைக் கூறுவோம். அவன் மறுத்துரைப்பானாயின், அதனையும் மகிழ்வுடன் கேட்போம்.