பற்று படும் பாடு

வெல்டிங் பட்டறையில் 'பத்த வை' என்ற சொல் விழாத நாளில்லை. பாடநூல் அதையே பற்றவைப்பு என்கிறது. தலைவலி வந்தால் சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போடுகிறார்கள். சோறு ஒட்டிய ஏனம் பத்துப் பாத்திரம். மாதக் கடைசியில் சம்பளம் பத்துவதில்லை. அரசுக்கே அந்த நிலை வந்தால் அது பற்றாக்குறை. கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கம் பற்று. இலங்கைத் தமிழருக்குப் பணம் கட்டியதற்குக் கிடைக்கும் ரசீது பற்றுச்சீட்டு. மட்டக்களப்பிலோ கோறளைப்பற்று, மண்முனைப்பற்று என நிலப்பகுதிகளே இந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

வள்ளுவர் இதை இன்னும் ஒரு திருகு திருகினார். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில், ஏழு சீர்களில் ஆறில் பற்று வருகிறது. பற்றை விடுவதற்கும் ஒரு பற்று வேண்டுமாம்!

இத்தனை வேலை செய்யும் சொல்லை, மேடையேறியவர்கள் நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்ற இரண்டுக்குள் முடக்கிவிட்டார்கள். அதிலும் ஒரு குழப்பம். கையைப் பற்றுவது ஒருவர் செய்யும் செயல். தீ பற்றுவது அப்படியல்ல, தானாக நடப்பது. நாட்டின் மேல் வரும் பற்று இரண்டாம் வகை. அதிகாரத்தில் இருப்போர் அதை முதல் வகையாக நினைத்து, பற்றிக்கொள் என்று ஆணையிடுகிறார்கள்.

2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு அந்த ரகம். திரையரங்குகளில் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், திரையில் கொடி தெரிய வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அதுவரை கதவுகள் மூடியிருக்க வேண்டும். இதனால் நாட்டுப்பற்று வளரும் என்று நீதிமன்றம் நம்பியது. அடுத்த மாதமே சென்னை அரங்கு ஒன்றில் எழுந்து நிற்காதவர்கள் தாக்கப்பட்டார்கள். அடிபட்டவர்கள் மீதே வழக்கும் பதிவானது. 2018 ஜனவரி 9 அன்று, கீதம் கட்டாயமில்லை, அரங்குகளின் விருப்பம் என்று அதே நீதிமன்றம் உத்தரவைத் திருத்தியது. வரவேற்க வேண்டிய திருத்தம்தான். ஆனால் அடி வாங்கியவர்களுக்குக் காலம் கடந்தது.

மொழிப்பற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். தமிழகக் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. விளைவு, 'சில்க்ஸ்' 'டெக்ஸ்டைல்ஸ்' எல்லாம் தமிழ் எழுத்தில் பெரிதாகவே மின்னுகின்றன. கடைக்காரரை நொந்து பயனில்லை. அரசு அவரிடம் கேட்டது எழுத்தின் அளவை மட்டுமே.