மிதவைப்புள்ளிக் கணக்கிற்கு ஒரு புதுமொழி

கருதியதைக் கருதியவாறே உணர்த்துவது மொழியின் முதற்கடமை. கணினிக்கு ஆணையிடும் நிரல்மொழிகளோ எண்கள் திறத்தில் இக்கடமையினின்று வழுவுகின்றன. பைத்தான் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுக, 0.30000000000000004 என விடை வரும். பள்ளிச் சிறுவனும் நகையானோ?

கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகவே வைத்துக்கொள்கிறது. ஆதலின் நம் முன்னோர் வழங்கிய அரை, கால், அரைக்கால், வீசம் என்பன அதனுள் பிசகின்றி அடங்கும். இருபதில் ஒன்றாகிய மா அடங்காது. 320-இல் ஒன்றாகிய முந்திரியும் அவ்வாறே. பகுதியில் ஐந்து கலந்தவிடத்து இரும எண் முடிவின்றி நீளும். வழக்கமான மிதவைப்புள்ளி எண்ணிலோ 53 இரும இலக்கங்களுக்கே இடமுண்டு. ஆகவே கணினி அருகிலுள்ள வேறோர் எண்ணைக் கொள்கிறது. இதனை ஒழுங்குபடுத்தி, வில்லியம் கேகன் முதலிய அறிஞர் முயற்சியால் 1985-இல் எழுந்த ஐ.இ.இ.இ. 754 என்னும் நெறியை யான் குறைகூறேன். சொல்லாமல் மாற்றும் மொழியே குறையுடையது.

1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிகழ்ந்ததை நினைமின். அங்கிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி காலத்தைப் பத்திலொரு வினாடியாக எண்ணிற்று. அப்பின்னம் 24 இரும இலக்கங்களில் வெட்டுண்டமையால், 100 மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு வினாடி பிசகிற்று. எதிர்வந்த ஏவுகணை தடுக்கப்படவில்லை; 28 வீரர் மாண்டனர். அது மிதவைப்புள்ளி முறையன்று, நிலைப்புள்ளி முறையே என்பர். இரண்டிடத்தும் வெட்டுண்டது அதே பத்திலொன்றன்றோ?

நம் இலக்கணத்தில் வழு வேறு, வழுவமைதி வேறு. பிழையெனத் தெரிந்தே, காரணங்காட்டி ஏற்பது வழுவமைதி. புதுமொழி வகுப்போர் இவ்வேறுபாட்டைக் கைக்கொள்ள வேண்டுமென்பது என் கருத்து. நேரே அடங்காத எண்ணை எழுதுவோன் 'ஏறக்குறைய' என்றதற்கோர் அடையாளம் இடுக; விடையும் தன் கீழெல்லை மேலெல்லைகளைத் தாங்கியே வருக.

விரைவு குன்றும் என்பர்; குன்றுவது உண்மையே. எல்லைகள் அகன்றகன்று பயனற்றுப்போதலும் உண்டு. ஆயினும் அகன்ற எல்லை, 'இவ்விடையை நம்பற்க' என்றேனும் உரைக்குமே! மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் எண்ணைத் திருத்தும் வழிகள் அந்த 1985 நெறியிலேயே உள; பெரும்பாலான மொழிகள் அவற்றை எளிதிற் கைக்கெட்ட விடவில்லை. ஜாவா மொழி 2021-இல் வெளிவந்த 17-ஆம் பதிப்பில் எல்லாக் கணினியிலும் ஒரே விடை வருமாறு விதித்தது. நன்றே, ஆனால் ஒரே பிழை எங்கும் வருதலும் அதனுள் அடங்கும்.

இரு மிதவைப்புள்ளி எண்கள் சமமோ என வினவும் நிரலை, எவ்வளவு வேற்றுமை பொறுக்கத்தக்கது எனக் குறித்தாலன்றிப் புதுமொழி ஏற்கவே கூடாது.