பவளத் தொட்டிக்கு எத்தனை வாட் விளக்கு?

பரீட்சை முடிந்துவிட்டது. இனி கொஞ்ச நாள் மனசுக்குப் பிடித்ததை எழுதலாம். இன்றைக்கு மீன்தொட்டி. அதுவும் கப்பி, கோல்டு ஃபிஷ் விடுகிற சாதாரணத் தொட்டி இல்லை. உப்புத்தண்ணீர் தொட்டி, உள்ளே பவளம், மேலே நீல விளக்கு. யூடியூபில் பார்த்துவிட்டு என் வகுப்பில் மட்டும் மூன்று பேர் விளக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேரும் கேட்பது ஒன்றுதான்: "மச்சி, ரெண்டடித் தொட்டிக்கு எத்தனை வாட் போதும்?"

என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே தப்பு. முதலில் கேட்க வேண்டியது, உள்ளே எந்த உயிரை வைக்கப்போகிறோம், அதை வைக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று. விளக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

பவளம் செடி இல்லை, பிராணி. ஆனால் அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைக்கிறது, சமைத்ததில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. ஆக நாம் விளக்கு போடுவது பவளத்துக்காக என்பதைவிட அதன் குடித்தனக்காரருக்காக என்பதே சரி. விளக்கு போதாவிட்டால் பவளம் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். நிறம் பழுப்பேறும், ஏனென்றால் கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடிக்கப் பாசி கூடுதலாகப் பெருகும். ஜோவான்தஸ் மாதிரி பூப்பூவாக இருப்பவை காம்பு நீட்டி மேலே எட்டிப்பார்க்கும். விளக்கு அதிகமானால் கதை தலைகீழ். பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரிய விளக்கு வாங்கி, முதல் நாளே முழு வேகத்தில் எரியவிட்டு, ஒரே வாரத்தில் வெளுக்க வைப்பதுதான் அதிகம்.

வாட் கணக்கு எங்கிருந்து வந்தது? டியூப்லைட், மெட்டல் ஹாலைடு காலத்தில் வந்தது. அப்போது எல்லா விளக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி, அதனால் ஒரு கேலனுக்கு இத்தனை வாட் என்று சொல்ல முடிந்தது. வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்ற கணக்கு இல்லை. எல்.இ.டி. வந்த பிறகு அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் கடைகளில் இன்னமும் வாட்டைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பெட்டியில் ஒரு வாட் போட்டிருக்கும், மீட்டர் வைத்துப் பார்த்தால் பாதிகூட இருக்காது. (கடை பெயரெல்லாம் வேண்டாமே!)

லக்ஸும் சரிப்படாது. லக்ஸ் மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். பவளத்தின் பாசிக்கோ நீலம்தான் விருந்து. அதனால் நீல விளக்குக்குக் கீழே போனில் லக்ஸ் ஆப் வைத்துப் பார்த்து "வெளிச்சமே இல்லையே" என்று பயப்பட வேண்டாம். சரியான அளவுக்குப் பெயர் 'பார்'. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிற ஒளித்துகள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகிறது என்ற கணக்கு அது. உச்சி வெயிலில் எங்கள் காட்டூர் ஏரிக்கரையில் நின்றால் ஏறக்குறைய 2000 இருக்கும். தொட்டியில் மென்பவளத்துக்கு 50 முதல் 150 வரை தாராளம். கிளை கிளையாக வளரும் கடின பவளத்துக்கு 200, 300 என்று வேண்டும். பார்த்தீர்களா, பொருத்தமான விளக்கு உயிரைப் பொறுத்து மூன்று நான்கு மடங்கு மாறுகிறது. தொட்டி எத்தனை அடி என்று மட்டும் சொன்னால் யார்தான் பதில் சொல்ல முடியும்?

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். ஆழம் போகப்போக மிஞ்சுவது நீலம்தான். அதனால்தான் 10,000 கெல்வினுக்கு மேலே, நீலம் தூக்கலான விளக்கைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே நீலமாகப் போட்டுப் பவளம் மினுமினுப்பதைப் பார்ப்பது பாதி நம் ஆசைக்குத்தான். வெள்ளையும் நீலமும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற விளக்கு வாங்கினால் போதும். ஊரில் என் சித்தப்பா அப்படி ஒரு நீலத் தொட்டியை என் போனில் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, லைட் போட்டு மீன் புடிக்கிற போட்டு மாரி கீது?" என்றார். எல்.இ.டி. வெளிச்சம் போட்டு மீன் பிடிப்பதை 2017-ல் மத்திய அரசு தடை செய்தது. கரையோரத்தில் நீல விளக்கு என்றாலே எங்கள் ஆட்களுக்கு இன்னும் ஒரு சந்தேகம் :-)

சரி, உரிமைக்கு வருவோம். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் வருவதை அப்படியே இங்கே செய்ய முடியாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளத்தைச் சேர்த்தார்கள். பாறை கட்டுகிற கடின பவளம் எல்லாம், கருப்புப் பவளம், தீப்பவளம், குழாய்ப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் அடக்கம். புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு! 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அமைத்த பிறகும் பவளம் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. 'உயிர்ப்பாறை' என்று விற்பதும் பெரும்பாலும் செத்த பவளத்துண்டுதான், அதையும் தொடாதீர்கள். சுட்ட மண் ஓடு, பீங்கான் பாறை போதும், பாக்டீரியா அதிலேயே குடியேறிக்கொள்ளும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டியதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். மிச்சம் இருந்தது 2010-லும் 2016-லும் சூட்டில் வெளுத்தது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் துண்டு துண்டாகப் பவளத்தை நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒருபக்கம் நட, நாம் ஒருபக்கம் பிடுங்கி ரெண்டடித் தொட்டியில் வைத்துச் சாகடிப்பது என்ன நியாயம்?

அப்படியானால் என்ன வைப்பது? காளான் பவளம், ஜோவான்தஸ் என்கிற இரண்டும் கல் கட்டாதவை, மேலே சொன்ன பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாதவை. இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் வனத்துறையிடமே கேட்டுவிடுங்கள். தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கியதாக இருந்தால் நல்லது. ஜோவான்தஸைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சில வகைகளில் கடுமையான விஷம் உண்டு. இந்த இரண்டுக்கும் ஒரு அடி ஆழத் தொட்டியில் நல்ல எல்.இ.டி. என்றால் 20, 30 வாட்டே அதிகம். முதல் நாள் கால்பங்கு வேகம், மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எட்டு மணி நேரம் எரிந்தால் போதும், டைமர் கட்டாயம். மறந்துபோய் ராத்திரியெல்லாம் எரியவிட்டால் கண்ணாடி முழுக்கப் பாசிதான்.

விளக்கில் மிச்சம் பிடித்த காசு எங்கே போக வேண்டும்? சூட்டுக்கு. நம் ஊர் மே மாதத்தில் அறையிலேயே 35 டிகிரி. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேலே ஒன்றிரண்டு டிகிரி ஏறி சில வாரம் நின்றாலே கடலில் பவளம் வெளுக்கிறது. சூடான நேரத்தில் பாசியின் சமையலறை பழுதாகிவிடும், அப்போது விழுகிற வெளிச்சமே நஞ்சாகும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் விளக்கைக் குறைக்க வேண்டும், கூட்டக்கூடாது. தண்ணீர்ப் பரப்பில் படுகிற மாதிரி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் இல்லை. மெட்டல் ஹாலைடு யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது விளக்கு இல்லை, அடுப்பு.

அடுத்தது கரண்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இரண்டு நாள் விளக்கு எரியாவிட்டால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது, மேகமூட்டம் என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் ஓட்டம் நின்றால், உயிர் நெருக்கமாக இருக்கிற சின்னத் தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீனுக்கு மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் சில நூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் விளக்குக்குக் கொடுப்பவர்கள் இதை வாங்க மாட்டேன் என்கிறார்கள்! உப்புத்தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் எர்த்தும், கசிவு வந்தால் வெட்டுகிற சுவிட்சும் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

எங்கள் ஏரியில் பவளம் ஏன் இல்லை என்று ஒருவன் கேட்டான். மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் வந்து தண்ணீரை ஏறக்குறைய நன்னீராக்கிவிடும். கோடையில் முகத்துவாரம் மணலடித்து மூடினால் உப்பு கடலைவிடவும் ஏறும். போதாததற்குக் கலங்கல், வெளிச்சம் அடி வரை போகாது. பவளத்துக்கு இது மூன்றுமே ஆகாது. ஆனால் இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் தாங்குகிற மடவைக் குஞ்சும் கீச்சானும் இறாலும் அங்கேயே இருக்கின்றன. முதல் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்வது அவற்றைத்தான். உப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளாது, விளக்கு என்று தனியாக வாங்க வேண்டியதும் இல்லை. வீட்டு டியூப்லைட் வெளிச்சத்திலேயே கீச்சான் தன் கோடுகளைக் காட்டிக்கொண்டு சுற்றும்.