அப்பா என்ன பண்றார்?

டெலாய்ட், பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ், எர்ன்ஸ்ட் அண்ட் யங், கேபிஎம்ஜி. உலகத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்கள் இவை. பட்டம் முடித்த நம் பிள்ளைகள் இங்கே மனுப் போட்டால் அந்தப் படிவத்தில் சாதி என்று ஒரு கட்டம் இருக்காது. 'பாருங்க, இங்க தகுதிதான், சாதியெல்லாம் கிடையாது' என்று நம் பேராசிரியர்களே வகுப்பில் சொல்கிறார்கள். கேட்காதவனுக்குத் தெரியாது என்று நம்புகிற அளவுக்கு நம் ஊர் டீக்கடைக்காரன்கூட அப்பாவி இல்லை.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் வால் இல்லை, அதனால் சாதி தெரியாது என்பது ஒரு சமாதானம். பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். படித்த பள்ளி: அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி. முடிந்தது கதை. முகவரியில் காலனி. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025ல் அறிவித்தார்கள், விடுதிகளுக்கும் சமூக நீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். நல்லது. ஆனால் ஏற்கெனவே கையிலிருக்கும் மார்க் ஷீட்டில் பழைய பெயர்தானே அச்சாகியிருக்கிறது.

அடுத்த சல்லடை அறுபது சதவீதம். வளாகத்துக்கு வரும் பெரிய கம்பெனிகள் வழக்கமாக வைக்கிற நிபந்தனை அது: பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் அறுபது வேண்டும், அரியர் கூடாது, படிப்பில் இடைவெளி கூடாது. அரசுக் கலைக் கல்லூரியில் நான் பாடம் எடுத்த ஒரு பெண், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு நெல் மண்டியில் கணக்கு எழுதினாள். டேபுக், லெட்ஜர் எல்லாம் அவள்தான். வரவு செலவு இடிக்கிற இடத்தை விரல் வைத்துக் காட்டுவாள். ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனாள், பெயர் வேண்டாம். அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணே?"

"மண்டியில கணக்கு எழுதினேன் சார்."

"அது எக்ஸ்பீரியன்ஸ் ஆகாதும்மா. அப்பா என்ன பண்றார்?"

"விவசாயம் சார்."

"எத்தனை ஏக்கர்?"

"கூலி சார்."

அதற்குப் பிறகு கணக்குப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லையாம். 'நாங்க சொல்லியனுப்புறோம்' என்றார்களாம். இன்னும் சொல்லியனுப்பவில்லை.

எத்தனை ஏக்கர் என்று கேட்கிறானே, பேலன்ஸ் ஷீட் தெரியுமா என்பதற்கா கேட்கிறான்? சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2007ல் வெளிவந்தது. சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் என்று சொன்ன அதே மேலாளர்கள் குடும்பப் பின்னணி கேட்பதை மிகச் சாதாரணமாக ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வேறு வழியில் சோதித்தார்கள். ஆங்கில நாளேடுகளில் தனியார் கம்பெனிகள் கொடுத்த 548 விளம்பரங்களுக்கு 4,808 மனுக்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். இது நேர்காணலுக்கு முன்னாலேயே, வெறும் காகிதத்தில்.

'அப்போ சி.ஏ. படிக்கச் சொல்லுங்க, அது பரீட்சை, பேப்பர் திருத்துறவனுக்கு முகம் தெரியாது' என்பார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான படிப்பு அது. பரீட்சைக்கு முகம் தெரியாதுதான். ஆனால் பரீட்சை மட்டும் போதாதே. ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் இருக்க வேண்டும். மூன்று வருஷமாக இருந்ததை 2023ல் இரண்டாகக் குறைத்தார்கள். மாதம் சில ஆயிரம் உதவித்தொகையில் சென்னையில் அறை வாடகை கொடுத்து இரண்டு வருஷம் இருக்க யாரால் முடியும்? அதைவிட, யாரைச் சேர்த்துக்கொள்வது என்பது அந்த ஆடிட்டர் விருப்பம். மாமா சொல்லி, கிளையண்ட் சொல்லி, சபாவில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லி இடம் கிடைக்கிறது. நம் பிள்ளைக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள், விடுதி வார்டனா?

இனி லண்டனுக்கு வருவோம். இதே நான்கு கம்பெனிகள்தான். 2015ல் பிரிட்டனின் சமூக நகர்வு ஆணையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. பெரிய சட்ட, கணக்கியல் நிறுவனங்கள் பேச்சு, நடை, தோரணை பார்த்து மேட்டுக்குடிப் பிள்ளைகளை எடுக்கின்றன என்று பச்சையாகச் சொன்னது. அதே ஆண்டு எர்ன்ஸ்ட் அண்ட் யங் பிரிட்டனில் மதிப்பெண் தடையையே எடுத்தது. பல்கலைக்கழக மதிப்பெண்ணுக்கும் பிறகு எழுதும் தொழில்முறைத் தேர்வில் வெற்றி பெறுவதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்பது அவர்களே சொன்ன காரணம். அங்கே எடுத்த சல்லடையைத்தான் இங்கே இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2021ல் கேபிஎம்ஜி பிரிட்டனில் இன்னொன்று அறிவித்தது: 2030க்குள் தன் பங்குதாரர், இயக்குநர்களில் 29 சதவீதம் பேர் தொழிலாளி வர்க்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும்.

இதை எப்படி எண்ணுகிறார்கள்? உனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது வீட்டில் முக்கியமாகச் சம்பாதித்தவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கிறார்கள். அதாவது, அப்பா என்ன பண்றார்? கேள்வி ஒன்றுதான். லண்டனில் உள்ளே வந்தவர்களை எண்ணிப் பார்க்கக் கேட்கிறான், சென்னையில் வெளியே நிறுத்தக் கேட்கிறான். வெள்ளைக்காரன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. சாதியைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னபோது 2018ல் கையை விரித்த நாடுதான் அது. அங்கே கேள்வி எழுப்பினார்கள், கம்பெனி எண்ணியது. இங்கே எழுப்பவில்லை.

தகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடஒதுக்கீடு வந்தால் தரம் கெடும் என்கிறவர்கள் கேளுங்கள். சத்யம் கம்பெனியில் ஏழாயிரம் கோடிக்கு மேல் பொய்க்கணக்கு என்று 2009 ஜனவரியில் முதலாளியே கடிதம் எழுதிச் சொன்னார். அதுவரை அந்தக் கணக்குகளுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ். 2022ல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. எதற்கு? அதன் ஊழியர்கள் தேர்வில் காப்பியடித்ததற்கு. என்ன தேர்வு? ஒழுக்கநெறித் தேர்வு! நம் பையன் ஐம்பத்தெட்டு சதவீதம் வாங்கினால் தரம் கெட்டுவிடுமாம்.

அம்பேத்கர் 1917ல் பரோடாவில் எந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் தெரியுமா? அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில், பயிற்சியாளராக. கொலம்பியாவும் லண்டனும் படித்துவிட்டு வந்தவர். தங்க இடமில்லாமல், தங்கிய விடுதியிலிருந்தும் தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டு, ஊரைவிட்டுப் போனார். பிறகு 1925லிருந்து சில வருஷம் பம்பாயில் கணக்கியல் பயிலும் மாணவர்களுக்கு வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். பாடம் சொல்லித்தர அவர் வேண்டும், பக்கத்து மேசையில் உட்கார அவர் பேரப்பிள்ளைகள் வேண்டாம்.

2006ல் தனியார் துறை ஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது முதலாளிகள் சங்கங்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு போட்டு, சட்டம் வேண்டாம், தாமாகவே செய்கிறோம் என்றன. செய்தார்களா என்று பார்க்க எண்ணிக்கை வேண்டும். ஆகவே நாம் கேட்க வேண்டியது முதலில் அதைத்தான்: எத்தனை தலித்துகள் மனுப் போட்டார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள்.

'படிவத்தில் சாதி எழுதினால் அதை வைத்தே கழித்துவிடுவான்' என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். மனுவோடு சேராத தனித் தாளாக, நேர்காணல் செய்பவர் கைக்குப் போகாமல் வாங்கட்டும். அப்பா வேலையை லண்டனில் அப்படி வாங்க முடிகிறபோது சாதியை இங்கே வாங்க முடியாதா? புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. மேலே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற பங்குதாரர்களுக்கும் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், வந்த எண்ணிக்கையை வருஷா வருஷம் அச்சிட வேண்டும்.