அறுபதாம் நாள் யார் கேட்பது?

வன்கொடுமை நடந்த அன்றிரவே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஏழெட்டு அமைப்புகளின் கண்டனங்கள் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கொடி, ஒரு தலைவர் படம். பாதிக்கப்பட்டவரின் வயது ஒன்றில் 17, இன்னொன்றில் 21. இந்த முரண்பாட்டைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு ‘எல்லாம் கட்டுக்கதை’ என்கிறது. மூன்றாம் நாள் எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். அறுபதாம் நாள் அதைக் கேட்டுப் பதிவு போட்ட அமைப்புகள் எத்தனை?

நேரில் போய் விசாரித்த அமைப்பு, குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரு பதிவு எழுதட்டும். மற்றவர்கள் அதையே பகிரட்டும். இன்ஸ்டாகிராமில் ‘கொலாப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே பதிவு பல அமைப்புகளின் பக்கங்களிலும் அவரவர் பெயரோடு நிற்கும். பெயர் விட்டுப்போகுமே என்ற கவலை (நமக்கு அது கொஞ்சம் அதிகம்) வேண்டாம். குடும்பத்தார் முகமும், வீட்டு முகவரியும் எதிலும் வரக்கூடாது. தேசிய உதவி எண் 14566 எல்லாவற்றிலும் இருக்கட்டும்.

வழக்கறிஞர் உள்ள அமைப்பு வழக்கைக் கவனிக்கட்டும். நாள் கணக்கை ஊரில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவான தேதியை இன்றே செல்போனில் குறித்து, 45-ம் நாளுக்கு ஒரு அலாரம் வைத்தால் போதும்.