கார் டயரும் எங்கம்மாவோட இடுப்பு எலும்பும்



இந்தத் தடவை மக்காச்சோளத்தைப் பத்தியோ மாட்டைப் பத்தியோ எழுதப் போறதில்லை. கார் டயரைப் பத்தி எழுதப் போறேன். பள்ளிக்கூடத்தோட படிப்பை நிறுத்தின விவசாயிக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். கட்டை வண்டியில ஆரம்பிச்சு ட்ராக்டர் வரைக்கும் என் பொழப்பு சக்கரத்தோடயே ஓடியிருக்குதுங்க. கார் டயர்ல ரெண்டு தப்புப் பண்ணி, காசைக் கொட்டித் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்லப் போறேன். டவுன்ல இருக்கிற உங்களுக்கும் ஆகும்.

எங்க ஊரு தாராபுரம் பக்கம். நான் சின்னப் பையனா இருந்தப்ப வீட்டுல இருந்தது கட்டை வண்டி. மரச்சக்கரம், அதுக்கு மேல இரும்புப் பட்டை. கல்லு ரோட்டுல போனா அரை மைலுக்குச் சத்தம் கேட்கும், உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பல்லெல்லாம் ஆடும். அப்புறம் எங்கப்பா டயர் வண்டி வாங்கினார். மொத நாள் ஏறி உட்கார்ந்தப்ப வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலை. அதே சோடி மாடு முன்னைவிட அதிக மூட்டையை இழுத்துச்சு. ஒரு வாரம் கழிச்சு எங்கப்பா சந்தையில பெரிய மணி ரெண்டு வாங்கிட்டு வந்து மாட்டுக் கழுத்துல கட்டினார். "வண்டி சத்தமில்லாம வருது. ராத்திரியில எதுக்கால வர்றவனுக்குத் தெரியோணுமல்ல"ன்னார். அந்த மணியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி அதுக்கு வர்றேன்.

இப்ப வீட்டுல இருக்கிறது செகண்ட் ஹேண்டுல வாங்கின டீசல் கார். எங்க வீட்டுக்கு மட்டும்னு சொல்ல முடியாது. ராத்திரியில பிரசவ வலின்னா, பாம்பு கடிச்சுதுன்னா, ஊருல மொதல்ல தட்டறது எங்க கதவைத்தான்.

மொதத் தப்பு என்னோடது. டயர் தேஞ்சு போச்சு, மாத்தணும்னு பஞ்சர் கடைத் தம்பி ரெண்டு தடவை சொல்லிட்டார். மஞ்சள் வெட்டட்டும், வெங்காயம் வெலை ஏறட்டும்னு நான் தள்ளிப் போட்டேன். ஐப்பசி மழையில ஒரு நாள் பல்லடம் ரோட்டுல வந்துக்கிட்டு இருந்தேன். முன்னாடி போன மொபட்காரர் திடுக்குன்னு நிறுத்தினார். பிரேக்கை மிதிச்சேன், கார் கேட்கலை. எருமை தண்ணிக்குள்ள எறங்கற மாதிரி அது பாட்டுக்குப் போகுது. மொபட்டுக்கும் என் பம்பருக்கும் ஒரு முழம் இருக்கிறப்ப நின்னுச்சு. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமக் கெளம்பிப் போயிட்டார். நான்தான் ஓரங்கட்டிப் பத்து நிமிசம் உட்கார்ந்திருந்தேன்.

அன்னிக்கு ராத்திரியே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். புது கார் டயர்ல பட்டன் காடி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். காடிக்குள்ள அங்கங்க சின்ன மேடு வெச்சிருப்பாங்க. பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கின்னு அர்த்தம். அதுக்கு மேல ஓட்டக் கூடாது. என் டயர்ல மேடும் பட்டனும் ஒண்ணாயிருந்துச்சு. வயல்ல வடிகால் தூர்ந்து போனாத் தண்ணி எங்க போகும்? மேலயே நிக்கும். டயரும் அதே கதைதான். காடிதான் அதுக்கு வடிகால். அது இல்லைன்னா ரப்பர் ரோட்டைத் தொடாது, தண்ணி மேல மிதக்கும். ஒரு டன் எடை கொண்ட காரு ரோட்டைத் தொடறது நாலே நாலு எடத்துல, ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் அந்த உள்ளங்கையை நம்பித்தான் இருக்குது.

ரெண்டாவது தப்பு எம் பையனோடது. தப்புன்னு சொல்றதுக்கே சங்கடமா இருக்குது, பாசத்துல பண்ணினது. அவன் கோயமுத்தூர்ல வேலை பார்க்கிறான். மொபட் கதையைச் சொன்னதும் "அப்பா, டயரை நான் பார்த்துக்கறேன்"னு காரை எடுத்துட்டுப் போனான். திரும்பி வந்தப்ப எனக்கே அடையாளம் தெரியலை. பழைய ரிம்மைக் கழட்டிப் பெரிய அலாய் வீல், அதுல அகலமான டயர். "கெத்தா இருக்குல்லப்பா?"ன்னான். இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. வளைவுல ஒட்டினாப்ல திரும்புச்சு, ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. ஊருல எல்லாரும் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.

அடுத்த ரெண்டு மாசத்துல எங்கம்மா வாசல்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. வயசு எண்பதுக்கு மேல. கோயமுத்தூர்ல ஆபரேசன் பண்ணி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டர் சொன்னார். பின் சீட்டுல தலையணை அடுக்கி உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். எண்பது கிலோமீட்டர். ஒவ்வொரு பள்ளத்துக்கும், பெயின்ட் அடிக்காத ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா வாயில இருந்து ஒரு சத்தம் வரும். கத்தலை, பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்ற சத்தம். இருபதுல போனேன், அப்பவும் வந்துச்சு. வீடு சேர்ந்து எறக்கினப்ப அம்மா சொல்லுச்சு: "வண்டியைக் குத்தஞ்சொல்லக் கூடாது சாமி. ரோடுதான் கெட்டுப் போச்சாட்ட இருக்குது."

ரோடு அதே ரோடுதாங்க. மாறினது டயர்.

அப்புறம்தான் டயர்ல போட்டிருக்கிற நம்பரை உட்கார்ந்து படிச்சேன். கஷ்டமான கணக்கு இல்லை, நீங்களும் போட்டுப் பாருங்க. என் பழைய டயர் 165/80 ஆர் 14. 165-ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. 80-ங்கிறது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச்சுவரோட உயரம்ங்கிறது. அதாவது 132 மில்லிமீட்டர். 14-ங்கிறது ரிம்மோட அளவு, அங்குலத்துல. பையன் போட்டது 195/55 ஆர் 16. பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர்தான். மொத்த உயரம் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா பழசுக்கு இருந்த காத்து மெத்தையில ஒரு அங்குலத்தைப் புடுங்கி இரும்பா மாத்தியாச்சு. அந்த ஒரு அங்குலம்தான் எங்கம்மா இடுப்புல விழுந்துச்சு. போதாக்குறைக்குக் கடையில 38 பவுண்டு காத்து அடிச்சு விட்டிருந்தாங்க. டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 33-ன்னுதான் இருக்குது.

பக்கச்சுவர் குட்டையா, விறைப்பா இருந்தாக் கார் சொன்ன சொல்லைக் கேட்கும், குலுக்கும். உயரமா, நெகிழ்வா இருந்தாத் தாங்கும், வளைவுல கொஞ்சம் சாயும். ரப்பர் மிருதுவா இருந்தா ரோட்டைக் கவ்வும், ஆனாச் சீக்கிரம் தேயும். கெட்டியா இருந்தா ரொம்ப நாள் உழைக்கும், ஆனா மழையில நம்ப முடியாது. எல்லாத்துலயும் நம்பர் ஒண்ணுன்னு ஒரு டயரைக் கடைக்காரர் எடுத்து வெச்சா, எல்லா மண்ணுக்கும் ஏத்த ஒரே விதைன்னு விக்க வர்றவர் ஞாபகம்தான் எனக்கு வருது.

சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேட்டா ட்ராக்டரைக் காட்டுவேன். பின் டயர்ல பட்டன் உயரமா, எடைவெளி விட்டு இருக்கும். உழவுல மண்ணைக் கவ்வும், தார் ரோட்டுல ஏறினா ஙொய்யுனு கத்தும். பட்டன் ஒவ்வொண்ணும் ரோட்டுல அடிக்குது, காடிக்குள்ள மாட்டின காத்து நசுங்கி வெளிய வருது, அதுதான் சத்தம். டவுன்லயே ஓடற பெரிய காருக்குச் சிலபேர் காட்டுக்குப் போற மாதிரி முரட்டுப் பட்டன் டயர் போடறாங்க. பார்க்க ஜோரு. அப்புறம் ஹைவேஸ்ல பேச்சுக் கேட்கலைன்னு பாட்டைச் சத்தமா வெச்சுக்குவாங்க. சத்தம் வேண்டாம்னா நெருக்கமான சின்னப் பட்டன் டயரைப் பாருங்க. அந்தப் பட்டனும் ஒரே அளவுல இல்லாம மாறி மாறி இருக்கும், சத்தம் ஒரே ராகமா சேர்ந்து ஒலிக்கக் கூடாதுன்னு அப்படி வார்க்கிறாங்க. இன்னொண்ணு, திடீர்னு சத்தம் ஜாஸ்தியானா உடனே டயரை மாத்தாதீங்க. பட்டனை உள்ளங்கையால தடவிப் பாருங்க, ரம்பம் மாதிரி ஏத்த எறக்கமா இருந்தா அலைன்மென்ட் பார்க்கணும். வளைவுல திரும்பறப்பச் சத்தம் கூடிக் கொறைஞ்சா, பேரிங்காக்கூட இருக்கும்.

மத்திய அரசு 2022-ல டயருக்கு ஒரு விதி கொண்டு வந்துச்சு. உருளறதுக்கு எவ்வளவு இழுவை, ஈர ரோட்டுல எவ்வளவு பிடிப்பு, எவ்வளவு சத்தம், இந்த மூணுக்கும் அளவு வெச்சாங்க. நல்ல காரியம். ஆனா அதுல பின் சீட்டுல இருக்கிறவங்க இடுப்பு வலிக்குமாங்கிறது இல்லை. அதை நாமதான் பார்க்கணும்.

என் கருத்து இதுதாங்க. டயர் வாங்கறப்ப ஈர ரோட்டுல நிக்கிறதை மொதல்ல பாருங்க. அதுல பேரமே கூடாது, ஏன்னா எதுக்கால மொபட்டுல வர்றவனோட உசுரும் அதுலதான் இருக்குது. ரெண்டாவது, உள்ள உட்கார்றவங்க சுகம். சத்தம் கடைசி. ஏன் கடைசின்னா அங்கதான் எங்கப்பா கட்டின மணி வருது. நாப்பது, அம்பதைத் தாண்டினாக் காருல கேட்கிறது பெரும்பாலும் டயர் சத்தம்தான். நம்ம வேகத்தை நமக்குச் சொல்றதும் அதுதான். அதை ஒரேயடியா அடக்கிட்டு, தொண்ணூறுல போறது அறுபது மாதிரி தெரியுதுன்னு பெருமைப்படறாங்க. நான் அதுக்குப் பயப்படறேன்.

பையன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. ஆசையா வாங்கிக் குடுத்தது. கடைசியில நான் ஒண்ணும் சொல்லலை. அடுத்த தடவை டாக்டர்கிட்டக் காட்டப் போனப்ப "நீ அப்பத்தாவோட பின்னாடி உட்காரு, நான் ஓட்டறேன்"னேன். வாய்க்கால் பாலம் தாண்டறதுக்குள்ள அவன் கை அப்பத்தா இடுப்புக்குக் கீழ போயிருச்சு, கண்ணாடியில பார்த்தேன். பல்லடம் வர்ற வரைக்கும் பேசலை. அப்புறம், "அப்பா, பழைய ரிம் இருக்குதா?"ன்னு கேட்டான். மாட்டுக் கொட்டகையில சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்தேன்.

இப்ப ஓடறது பழைய அளவுலயே நாலு புது டயர், காத்து 33 பவுண்டு. வளைவுல முந்தி மாதிரி ஒட்டாது, கொஞ்சம் சாயுது. அதுக்கென்ன, வேகத்தைக் குறைச்சுக்கறேன். அம்மா இப்பவும் முனகத்தான் செய்யுது, ஆனாப் பெரிய பள்ளத்துக்கு மட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குக் கெளம்பறவங்களுக்கு நாலு விசயம் சொல்லி முடிச்சுக்கறேன்.

டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் கட்டத்துக்குள்ள இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். கடையில வாங்கறப்பவே அதைக் கேட்டு வாங்குங்க. பட்டன் இருந்தாலும் ரப்பருக்கு வயசு உண்டு. அஞ்சு வருசம் தாண்டினா வருசா வருசம் காட்டிப் பாருங்க, பத்து வருசத்துக்கு மேல ஓட்டவே வேண்டாம்.

காத்தைக் காலையில, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. ஓடிச் சூடான டயர் கூடுதலாக் காட்டும். நைட்ரஜன்தான் அடிக்கணும்னு இல்லை, நாம அடிக்கிற சாதாக் காத்துலயே 78 சதவீதம் அதுதான். மாசம் ஒருக்காப் பார்க்கிறதுதான் முக்கியம்.

ரெண்டு டயர் மட்டும் மாத்தறதா இருந்தாப் புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க. கடையில முன்னாடிதான் போடுவாங்க. மழையில முன்பக்கம் வழுக்கினா வேகத்தைக் குறைச்சுச் சமாளிச்சுக்கலாம். பின்பக்கம் வழுக்கினாக் கார் சுத்திரும்.

நாலாவது, புது டயர் போட்டதும் ஒரு தடவை வீட்டுல வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு நீங்க பின் சீட்டுல உட்கார்ந்து போய்ப் பாருங்க. ஸ்டீயரிங் பிடிச்சுக்கிட்டு முன்னாடி இருக்கிறவனுக்கு அது தெரியாதுங்க.