வீட்டை அடுத்த அபாய மரங்களை அகற்றுதல்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்)

நம் கிராமங்களில் மரமில்லாத மனையைக் காண்பது அரிது. கொல்லையில் தென்னையும் முருங்கையும், வாசலில் வேம்பும், வேலியோரத்தில் பூவரசும் ஒதியும் வளர்ந்து, குடும்பத்திற்குக் காயும் நிழலும் தழையும் விறகும் அளித்து வருகின்றன. இவற்றின் பயனை விவரிக்க வேண்டுவதில்லை. ஆனால் வயல் வரப்பிலுள்ள மரம் சாய்ந்தால் நஷ்டம் பெரும்பாலும் அம்மரத்தோடு போகும்; வீட்டை அடுத்த மரம் சாய்ந்தாலோ கூரையும், கொட்டிலிலுள்ள மாடும், சிற்சில சமயங்களில் மனித உயிரும் சேதமாகும். அப்படியிருந்தும், அபாயமான மரத்தை எப்பொழுது அகற்றுவது, யாரைக் கொண்டு அகற்றுவது, கூலியை எவ்வாறு பேசுவது என்பவற்றில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை. "மரத்தை நீரே எடுத்துக்கொள்ளும், வெட்டிக் கொடுத்தால் போதும்" என்று விறகு வியாபாரியிடம் ஒப்படைத்துவிடும் வழக்கமே இவ்விஷயத்தில் நேரும் பெரும்பாலான கேடுகளுக்கு மூலம் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே கூறுகிறேன்.

எந்த மரம் அபாயமானது?

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கடலூர்ப் பக்கம் வீசிய தானே புயலையும், 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலையும் நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மட்டுமன்றிச் சுற்றியுள்ள ஜில்லாக்களிலும் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அத்தகைய காற்றில் நல்ல மரமும் விழவே செய்யும். ஆனால் வருஷந்தோறும் வரும் சாதாரண மழைக்காற்றில் விழும் மரங்களிற் பல, விழுவதற்கு வெகுநாள் முன்னரே அறிகுறி காட்டியவையாகவே இருக்கும்.

அவ்வறிகுறிகளாவன: அடிமரத்திலோ, வேர் தொடங்கும் இடத்திலோ தட்டுத் தட்டாகக் காளான் பூத்தல், கோடரியின் பின்புறத்தால் தட்டினால் பொள்ளல் ஓசை எழுதல், இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் நெடுக வெடிப்புக் காணுதல், உச்சிக் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்து வருதல், நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்து, சாய்விற்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருத்தல். இவற்றுள் கடைசியாகக் கூறியது மிகவும் கொடியது. அதைக் கண்டபின் நாள் கடத்தலாகாது.

தென்னையில், அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நிறமான சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952-ம் வருஷத்துப் புயலுக்குப் பின் தஞ்சாவூர் ஜில்லாவில் கடுமையாகத் தோன்றியதால் இந்நோய் இப்பெயர் பெற்றது. தண்டில் துவாரங்களும், அவற்றின் வழியே மென்று துப்பிய நாரும் பழுப்புச் சாறும் காணப்பட்டால், சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் உள்ளே தின்றுகொண்டிருக்கின்றன என்று அறியலாம். அத்தகைய மரம் பார்வைக்கு நிமிர்ந்து நின்றாலும் உள்ளே வலுவற்றதாகும்.

வீட்டுக்கு அஸ்திவாரமோ, சாக்கடையோ, கழிவறைக் குழியோ தோண்டும்போது ஒரு பக்கத்துப் பெருவேர்களை அறுத்துவிட்டால், எவ்வளவு ஆரோக்கியமான மரமும் அபாய மரமாகிவிடும். கட்டிட வேலை முடிந்து மூன்று நான்கு வருஷங்கள் சென்றபின் அது விழும்போது காற்றின்மேல் பழி போடுகிறோம்.

இதற்கு மாறாக, சாய்ந்த மரமெல்லாம் அபாயமானதன்று. இளமையிலிருந்தே வெளிச்சத்தை நாடிச் சாய்ந்து வளர்ந்து, நுனி மேல்நோக்கி வளைந்து, அடிமண் இறுகியிருக்கும் தென்னை பல்லாண்டுகள் நிற்கும். புயலுக்கு அஞ்சி நல்ல வேம்பையும் புளியையும் தூரோடு வெட்டுவதும் தவறு. கிளை மட்டும் கூரைமேல் படர்ந்திருந்தால் அக்கிளையைக் கழித்தாலே போதும். முருங்கையின் கிளை எளிதில் முறியும் தன்மையது; மழைக்காலத்திற்கு முன் அதைத் தறித்துவிட்டால் ஆபத்தும் நீங்கும், புதுத்துளிரும் நன்றாக வரும். சுவரிலும் கிணற்றின் உட்புறத்திலும் முளைக்கும் அரசு, ஆலங்கன்றுகளை விரல் பருமனாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் செங்கல்லையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகும்.

எந்தக் காலத்தில் வெட்டுவது?

டெல்டாப் பகுதியில் தை அறுவடை முடிந்ததிலிருந்து ஆனி மாதம் வரையில் இவ்வேலைக்கு ஏற்ற காலம். மண் காய்ந்திருக்கும், வண்டி கொல்லை வரையில் வரும், ஆட்கள் கிடைப்பார்கள், வெட்டிய மரமும் உலரும். ஐப்பசி பிறந்து, புயல் எச்சரிக்கை வந்தபின் ஆளைத் தேடி ஓடுவதே வழக்கமாயிருக்கிறது. அப்பொழுது கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும். நனைந்த மரத்தில் வழுக்கலில் ஓர் ஆளை ஏற்றவும் வேண்டும். வெள்ளம் வருமுன்னே அணை கோல வேண்டும் என்ற பழமொழி இதற்கும் பொருந்தும். மாசி மாதத்தில் ஒரு நாள் மனையைச் சுற்றி வந்து ஒவ்வொரு மரத்தையும் அடியிலிருந்து உச்சி வரையில் பார்ப்பதற்கு ஒரு மணி நேரமும் ஆகாது.

விறகு வியாபாரியின் கணக்கு

வியாபாரியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவருடைய தொழில் மரத்தை வாங்கி விற்பது. எனவே எந்த மரத்தில் கட்டை தேறுமோ, அதன்மேல் அவருடைய கண் செல்லும். பொள்ளலான மரத்தை விட்டு, பக்கத்திலுள்ள வைரம் பாய்ந்த வேம்பைக் கேட்பார். துண்டு துண்டாக இறக்க நாளாகும் என்பதால் அடியில் அறுத்து ஒரேயடியாகச் சாய்க்கப் பார்ப்பார். நமக்கு வேண்டிய காலத்தில் வராமல், விறகுக்கு விலையுள்ள காலத்தில் வருவார். அடிமரத்தை ஏற்றிக்கொண்டு, தூரையும் தழையையும் கொல்லையிலேயே விட்டுச் செல்வார். அவருடைய கணக்கில் இவையெல்லாம் சரியே. ஆனால் வீட்டுக்காரர் கணக்கு வேறு. வீட்டுக்கும் உயிருக்கும் சேதமின்றி, குறித்த மரம், குறித்த காலத்தில், தூரோடு அகல வேண்டும் என்பதே அவருக்கு வேண்டியது.

கூலி மிச்சமாயிற்று என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அளந்து பார்க்காத மரத்தைக் கூலியாகக் கொடுத்திருக்கிறோம். ஆகவே இரண்டு பேரங்களையும் பிரித்துவிட வேண்டும் என்பது என் யோசனை. வெட்டுவதற்குத் தொகை பேசிப் பணமாகக் கொடுங்கள். கீழே இறக்கிய மரத்தை அளந்து வேறாக விற்றுக்கொள்ளுங்கள். வேம்பும் மாவும் பலகைக்கு ஆகும். முதிர்ந்த தென்னையின் வெளிவைரம் சட்டத்திற்கு ஆகும். ஒன்றுக்கும் உதவாத மரமானாலும் அதை வெட்டுவதற்குக் கூலி கொடுப்பதே முறை.

தேர்ந்த ஆட்களும் அவர்கள் செய்யும் முறையும்

தேங்காய் பறிப்பவரெல்லாம் மரம் அறுக்கத் தெரிந்தவர் அல்லர். ஆளை அமர்த்துமுன், அவர் முன்பு வேலை செய்த வீட்டைச் சென்று பார்த்து வருவது நலம். வடக்கயிறு, இடுப்புப் பட்டை, தலைக்கவசம், மோட்டார் ரம்பம் இவை சொந்தமாக உடையவரா என்று விசாரியுங்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தார் 2011-ம் வருஷம் முதல் இளைஞர்களுக்கு ஏறும் கருவியைக் கொண்டு மரம் ஏறப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். மரம் ஏறுபவர்களுக்கென்று விபத்துக் காப்பீட்டு ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். காப்பீடு உள்ளவரை அமர்த்துவதே உத்தமம். மரத்தில் ஏறுபவரும் ஒரு குடும்பத்தைத் தாங்குபவர் என்பதை நாம் மறக்கலாகாது.

வீட்டை அடுத்த மரத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கியே வெட்ட வேண்டும். முதலில் மட்டைகளும் கிளைகளும், பின் கொண்டை, அதன்பின் அடிமரம் நாலைந்து அடித் துண்டுகளாக, ஒவ்வொன்றும் கயிற்றில் கட்டி இறக்கப்பட வேண்டும். கூன்வண்டு தின்ற தென்னையிலும், இடி விழுந்த தென்னையிலும், அடி அழுகிய மரத்திலும் ஆளை ஏற்றவே கூடாது. ஏணி பொருத்திய வண்டியையோ, தூக்கு இயந்திரத்தையோ வரவழைக்க வேண்டும். ஏறுமுன் உச்சியில் கதண்டோ தேனீயோ கூடு கட்டியிருக்கிறதா என்று கீழிருந்து பார்த்துக்கொள்வது அவசியம். கதண்டுக் கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்தாருக்குத் தெரிவிக்கலாம்.

நாற்புறமும் திறந்த இடமாயிருந்து, மரத்தைச் சாய்த்தே வெட்டுவதானால் அதற்கும் முறையுண்டு. விழவேண்டிய திசையில் அடிமரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையில் வாய்போல் வெட்டிக்கொண்டு, எதிர்ப்புறத்தில் அதற்குச் சற்று உயரமாக ரம்பத்தால் அறுத்துவர வேண்டும். இரண்டு வெட்டுக்களும் சேரலாகாது. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட்டால், அது கதவின் கீல்போல் நின்று மரத்தைக் குறித்த திசையில் சாய்க்கும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்திற்குள் வெட்டுபவரைத் தவிர வேறு எவரும் நிற்கக்கூடாது. குறைந்த நீளமுள்ள கயிற்றைப் பிடித்திழுத்து, இழுத்தவர்மேலேயே மரம் விழுந்த சம்பவங்கள் நாம் கேள்விப்படாதவை அல்ல.

பக்கத்தில் மின்சாரக் கம்பி சென்றால், வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தியபின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஈரக்கழியால் கம்பியை ஒதுக்கிப் பிடிப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

எந்த மரம், எந்த முறையில் வெட்டுவது, தூரை எடுப்பது யார், தழையையும் துண்டுகளையும் அகற்றுவது யார், கூரையோ சுவரோ சேதமானால் யார் பொறுப்பு, தொகை எவ்வளவு ஆகிய இவ்வாறு விஷயங்களையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது. தொகையில் ஒரு பகுதியைத் தூர் எடுத்தபின் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் கிராம அதிகாரிகளும்

மரம் தம் பட்டா நிலத்தில் நிற்கிறதா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரத்திற்கு 2-சி பட்டா இருந்தால் அதன் பலனை அனுபவிக்க உரிமையுண்டு. அதனால் மரத்தை இஷ்டம்போல் வெட்டிவிடலாம் என்று எண்ணலாகாது. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டபின்னரே கை வைக்க வேண்டும். பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ம் வருஷத்தில் அரசாங்கத்தார் அறிவித்திருக்கிறார்கள். சந்தன மரத்திற்கு வனத்துறையாரின் உத்தரவு தேவை.

அண்டை வீட்டார் மரம் விழும் நிலையிலிருந்து, சொல்லியும் அவர் கேளாவிட்டால் அதற்கும் வழியுண்டு. முன்னர் 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவிலும், 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவிலும், விழுந்து பிறருக்குத் தீங்கு விளைக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட நிர்வாக மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் வழக்கு வரை போகவிடாமல், பஞ்சாயத்துத் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் கோடையிலேயே இருவரையும் அழைத்துப் பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்ளச் செய்வதே ஊருக்கு அழகு.

வெட்டிய பின்

வேலை இங்கேதான் பெரும்பாலும் அரைகுறையாக நின்றுவிடுகிறது. மக்கும் தென்னந்தண்டும் தூரும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடமாகும். அதன் புழுப்பருவம் மட்டுமே மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்து மக்கும் ஒரு தண்டிலிருந்து கிளம்பும் வண்டுகள் அண்டைத் தோப்புகளின் குருத்தையெல்லாம் துளைக்கும். ஆகவே தண்டைப் பிளந்து உலர்த்தி எரிபொருளாக்கியோ, சட்டமாக அறுத்தோ தீர்த்துவிட வேண்டும். தூரைப் பொக்லைன் இயந்திரத்தாலோ கடப்பாரையாலோ பெயர்த்தெடுத்து எரிக்க வேண்டும். வாடல் நோயால் மாண்ட மரமானால், வேர்களையும் பொறுக்கி எரித்து, அருகிலுள்ள தென்னைகளுக்கு நோய் பரவாதபடி 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள அகழியை இடையே வெட்டிவிடுவது அவசியம். எருக்குழியில் காணும் வண்டுப் புழுக்களுக்கு மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணத்தை இடலாம்.

மரம் போன இடத்தை வெறுமையாக விடவும் வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டி எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை போன்ற சிறு மரங்களையும், வேம்பு, மா, தென்னை முதலியவற்றைச் சுவரிலிருந்து தள்ளி மனையின் கோடியிலும் நடலாம்.

மரத்தை வளர்ப்பதற்குச் செலவிடுகிறோம். காய் பறிப்பதற்குச் செலவிடுகிறோம். அதன் காலம் முடிந்தபின் ஒழுங்காக இறக்குவதும் அம்மரத்தின் சாகுபடிச் செலவில் ஒன்றேயாகும். இலவசமாக வெட்டிக் கொடுப்பவரைத் தேடாமல், வரும் கோடையில் மிராசுதார்கள் தத்தம் மனையிலும் கிராம அதிகாரிகள் பொது இடங்களிலும் இம்முறையைக் கையாண்டு மற்றவர்களுக்கு வழிகாட்டுவார்கள் என நம்புகிறேன்.